லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டால்: தேடுவது முதல் தடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சர்வர் நேராக வந்து சொல்வது அரிது. இணையதளத்தில் உள்நுழைய முடியவில்லை என்று முதலில் புகார் வரும். டேட்டாபேஸ் பதில் தராமல் நிற்கும். நேற்று வரை தவறாமல் வந்துகொண்டிருந்த மின்னஞ்சல் நின்றுபோகும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போய், ஒரு கட்டளையின் பாதியைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்துவீர்கள். தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று பேஷ் முறையிடும். அந்த வரியின் கடைசியில்தான் உண்மை இருக்கும்: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. லினக்ஸின் உட்கருவான கெர்னலில் இந்தப் பிழைக்கு இஎன்ஓஎஸ்பிசி என்று பெயர், எண் 28.

அந்த நேரத்தில் யாருடைய கையும் முதலில் கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளைக்குத்தான் போகும். என் கையும் போயிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, 40 ஜிபி அளவுக்கு வளர்ந்திருந்த லாக் கோப்பைக் கண்டுபிடித்து அழித்தேன். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை மறுபடி இயக்கினால் அதே 100 சதவீதம். பதற்றத்தில் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். ‘ஓல்ட்’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறையும் அதில் போயிற்று. பயனர்கள் ஏற்றிய படங்கள் அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. தளம் ஒரு சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) வழியாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். ஒரு நாள் பதிவேற்றங்கள் திரும்பவே இல்லை. நான் முதலில் அழித்த லாக் கோப்பு ஏன் இடத்தைத் திருப்பித் தரவில்லை என்பதை அறிந்திருந்தால், இரண்டாவது அழிப்புக்கே தேவை இருந்திருக்காது. அந்தக் காரணம் நான்காம் படியில் வருகிறது. இந்த வழிகாட்டியில் அழிப்பது ஐந்தாம் படியில்தான் தொடங்குகிறது. அதுவரை பெரும்பாலும் பார்ப்பது மட்டுமே.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியே சொல்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) அனுமதி தேவை, கட்டளைக்கு முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்தப் பகுதி நிரம்பியிருக்கிறது?

டிஎஃப் -எச்

ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (டிஸ்க் பகுதியில் கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) ஒரு வரி வரும். நமக்கு வேண்டிய வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

/டெவ்/எஸ்டிஏ2 50ஜி 47ஜி 0 100% /

மொத்தம் 50, பயன்பாட்டில் 47, மீதி பூஜ்யம். கணக்கு உதைக்கிறதல்லவா? எஞ்சிய பங்கு தொலைந்துபோகவில்லை. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும்போதே 5 சதவீத இடம் ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கப்படுகிறது. சாதாரணப் பயனரின் நிரல்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் ரூட் உள்ளே வந்து வேலை செய்ய முடிவது இதனால்தான். அந்த 5 சதவீதம்தான் இப்போது உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சில பட்டியல்களில் /ஸ்னாப் என்று தொடங்கும் லூப் சாதனங்கள் எல்லாமே 100 சதவீதம் என்று காட்டும். அவை படிக்க மட்டுமேயான சுருக்கப்பட்ட பொதிகள். அவை எப்போதும் நிரம்பியே இருக்கும். அவற்றைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ‘-எக்ஸ் ஸ்குவாஷ்எஃப்எஸ் -எக்ஸ் டிஎம்பிஎஃப்எஸ்’ என்று சேர்த்தால் அந்த வரிகள் மறையும்.

கட்டளை பதிலே தராமல் தொங்கிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த வேறு கணினியின் கோப்புறை) மறுமுனையில் இறந்துகிடக்கிறது என்று கொள்ளலாம். ‘டிஎஃப் -எச்எல்’ என்று தட்டினால் உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும் பார்க்கும்.

எந்த மவுண்ட் (ஒரு டிஸ்க் பகுதி இணைக்கப்பட்டிருக்கும் கோப்புறை) நிரம்பியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். /வார் தனிப் பகுதியாக இருக்கும் சர்வரில் /ஹோமைச் சுத்தம் செய்து எந்தப் பயனும் இல்லை. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். நள்ளிரவில் தோன்றாது.

இரண்டாம் படி: தீர்ந்தது இடமா, ஐநோடா?

டிஎஃப் -எச் காட்டும் பட்டியலில் பாதி இடம் காலியாக இருக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லை என்றால் இதைத் தட்டுங்கள்:

டிஎஃப் -ஐ

கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் தவிர்த்த மற்ற விவரங்கள், அதாவது உரிமையாளர், அனுமதி, நேரம், உள்ளடக்கம் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பவை, ஐநோட் எனப்படும் சிறு பதிவில் இருக்கும். ஒரு கோப்புக்கு ஓர் ஐநோட். இஎக்ஸ்டி4 முறைமையில் இவற்றின் எண்ணிக்கை கோப்பு முறைமை உருவாகும் அன்றே முடிவாகிவிடுகிறது. இயல்பாக ஒவ்வொரு 16 கேபி இடத்துக்கும் ஒன்று. 50 ஜிபி பகுதிக்குச் சுமார் 32 லட்சம் கிடைக்கும். அதிகம்போலத் தோன்றும். ஒவ்வொரு வருகையாளருக்கும் ஒரு செஷன் கோப்பு எழுதி, பழையதை நீக்காத ஒரு நிரல் சில மாதங்களில் அதைத் தின்று முடித்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் முறைமை ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

எந்தக் கோப்புறையில் எண்ணிக்கை குவிந்திருக்கிறது என்று காண:

டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில் -என் 20

கடைசி வரி எப்போதும் மொத்தக் கணக்கு. அதற்கு மேலே இருப்பவற்றில் மிக ஆழமான பாதையைப் பாருங்கள். அங்கேதான் குவியல் இருக்கும்.

லட்சக்கணக்கான கோப்புகளை ‘ஆர்எம் *’ என்று நீக்கப் போனால், வாதங்களின் பட்டியல் மிக நீளம் என்று ஷெல் மறுத்துவிடும். நட்சத்திரக் குறியை ஷெல்லே எல்லாப் பெயர்களாகவும் விரித்து ஒரே கட்டளையில் கொடுக்கப் பார்க்கிறது; கெர்னல் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஃபைண்ட் கட்டளைக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலில் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்:

ஃபைண்ட் /வார்/லிப்/பிஎச்பி/செஷன்ஸ் -டைப் எஃப் -எம்டைம் +7 | டபிள்யூசி -எல்

மாறிப் பல நாட்களான கோப்புகள் மட்டும் இதில் சேரும். ‘+7’ என்றால் ஏழு நாட்களுக்கு மேல் என்று நினைப்போம். ஃபைண்ட் நாட்களின் பின்னத்தை வெட்டிவிடுவதால் நடைமுறையில் முழுதாக எட்டு நாட்கள் ஆனவைதான் அகப்படும். எண்ணிக்கை நியாயமாகத் தோன்றினால், எண்ணும் பகுதியை எடுத்துவிட்டு, ஃபைண்ட் வரியின் கடைசியில் ‘-டெலீட்’ சேர்ப்பது ஐந்தாம் படியின் வேலை. கடைசியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகும். ‘-டெலீட்’ முன்னால் நின்றால், வயதையும் வகையையும் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். நான் இந்த வரியை எப்போதும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் என்டர் விசையைத் தொடுவேன்.

இடமும் இருக்கிறது, ஐநோடும் இருக்கிறது, அதே பிழை மட்டும் வருகிறதா? கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை வசதியின் வரம்பு தீர்ந்தாலும் கெர்னல் இதே 28ஆம் எண் பிழையைத்தான் தருகிறது. பெரிய திட்டக் கோப்புறைகளைக் கண்காணிக்கும் நிரல்களில் இது அடிக்கடி வரும். ‘எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்’ மதிப்பை சிஸ்சிடிஎல் வழியாக உயர்த்தினால் தீரும். டிஸ்க்குக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மூன்றாம் படி: இடத்தைத் தின்றது யார்?

டியு -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்

‘-எக்ஸ்’ இங்கே முக்கியமானது. அது இல்லாவிட்டால் டியு மற்ற மவுண்ட்களுக்குள்ளும் நுழைந்து, வேறு டிஸ்க்கின் கணக்கை இதோடு கலந்துவிடும். வரும் பட்டியலில் கடைசியில் நிற்பவை பெரியவை. /வார் பெரிதாக இருந்தால் அடுத்து /வார் மீது அதே கட்டளை, பிறகு /வார்/லாக் மீது, இப்படி ஒவ்வொரு தளமாக இறங்குங்கள். மூன்று நான்கு இறக்கத்தில் குற்றவாளி அகப்பட்டுவிடும். என்சிடியு நிறுவியிருந்தால் இதே வேலையை அம்புக்குறி விசைகளாலேயே செய்யலாம். டிஸ்க் நிரம்பிய பிறகு அதை நிறுவ முடியாமல் போகலாம் என்பதால், சர்வரை அமைக்கும் அன்றே நிறுவி வைப்பது நல்லது.

பரபரப்பாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டியு நீண்ட நேரம் டிஸ்க்கை அலைக்கழிக்கும். முன்னால் ‘ஐஓநைஸ் -சி3’ என்று சேர்த்தால், அதை மதிக்கும் ஐஓ ஷெட்யூலர் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதி) உள்ள டிஸ்க்குகளில், மற்றவர்கள் டிஸ்க்கைக் கேட்காத இடைவெளியில் மட்டும் வேலை செய்யும். மெதுவாக முடியும், ஆனால் ஏற்கெனவே திணறும் டேட்டாபேஸை மேலும் நெருக்காது.

தனித்தனிப் பெரிய கோப்புகளைத் தேட:

ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -சைஸ் +500எம்

இதில் 500க்குப் பின் வருவது பெரிய எம்.

பெரிய லாக் கோப்பு ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசிப் பகுதியைப் படியுங்கள். ‘டெயில் -என் 50’ போதும். அழித்த பிறகு படிக்க முடியாது. பெரும்பாலும் ஒரே பிழைச் செய்தி நொடிக்கு நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும்: இணைக்க முடியாத ஒரு சேவை, காலாவதியான ஒரு கடவுச்சொல், யாரோ திறந்துவிட்டு மூட மறந்த டீபக் நிலை. அந்தச் செய்திதான் உண்மையான நோய். அது இருக்கும்வரை எத்தனை ஜிபி விடுவித்தாலும் விடிவதற்குள் மறுபடி நிரம்பிவிடும்.

எந்தச் செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ண, முழுக் கோப்பையும் சார்ட் கட்டளைக்குக் கொடுக்காதீர்கள். நினைவகத்தில் அடங்காத தரவைச் சார்ட் /டெம்ப் கோப்புறையில் எழுதி வைத்துத்தான் வரிசைப்படுத்தும். அதற்கும் இடம் இல்லையே. ‘டெயில் -என் 10000’ என்று கடைசிப் பத்தாயிரம் வரிகளை மட்டும் எடுத்து, நேரக் குறிப்பை வெட்டிவிட்டு, சார்ட், பிறகு ‘யூனிக் -சி’ என்று அனுப்பினால் வேலை முடிந்தது.

நான்காம் படி: டிஎஃப் சொல்வதும் டியு சொல்வதும் பொருந்தவில்லை

தொடக்கத்தில் சொன்ன அந்த இரவின் விடை இங்கேதான் இருக்கிறது. டிஎஃப் 47 ஜிபி என்கிறது, டியு கூட்டிப் பார்த்தால் 9 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே?

லினக்ஸில் ஆர்எம் கட்டளை கோப்பை அழிப்பதில்லை; கோப்புறையிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். கோப்பின் உள்ளடக்கம் டிஸ்க்கிலிருந்து விடுபட இரண்டு கணக்குகளும் பூஜ்யமாக வேண்டும்: அதைச் சுட்டும் பெயர்கள் ஒன்றும் இருக்கக்கூடாது, அதைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஒன்றும் இருக்கக்கூடாது. நான் லாக் கோப்பின் பெயரை நீக்கினேன். இணைய சர்வர் அதைத் திறந்தபடியே எழுதிக்கொண்டிருந்தது. பெயர் இல்லாததால் டியு கண்ணில் படவில்லை, பிளாக்குகள் விடுபடாததால் டிஎஃப் கணக்கில் இருந்தது. பெயரில்லாத அந்தக் கோப்பு நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்துகொண்டும் இருந்தது.

இப்படிப்பட்ட கோப்புகளைக் காண:

எல்எஸ்ஓஎஃப் +எல்1

எல் இங்கே பெரிய எழுத்து. பெயர்களின் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவான, ஆனால் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று பொருள். வரும் வரியில் நிரலின் பெயர், ப்ராசஸ் எண், கோப்பு விவரிப்பான் எண், அளவு, பழைய பாதை, அதன் பின்னால் நீக்கப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். ப்ராசஸ் எண் 1432, விவரிப்பான் ‘5டபிள்யூ’ என்று வந்தால், 1432ஆம் ப்ராசஸ் எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கும் ஐந்தாம் எண் கோப்பு அது.

இதைத் தீர்க்கும் நேர்மையான வழி, அந்தச் சேவையைத் தன் லாக் கோப்புகளை மூடித் திறக்கச் செய்வது. பல சேவைகளுக்கு ‘சிஸ்டம்சிடிஎல் ரீலோட்’ போதும். சிலவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். அந்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்ய முடியாத சேவை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெயர் போனாலும், ப்ராசஸ்களின் விவரங்களைக் கெர்னல் காட்டும் /ப்ராக் கோப்புறை வழியாக அந்தக் கோப்பைத் தொடலாம்:

டிரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/1432/எஃப்டி/5

கோப்பின் நீளம் பூஜ்யமாகும், இடம் உடனே திரும்பிவிடும், ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருக்கும். லாக் கோப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். டேட்டாபேஸ்கள் வேண்டுமென்றே பெயரில்லாத தற்காலிகக் கோப்புகளை வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் அப்படித்தான் செய்கிறது. அவற்றின் நீளத்தைக் கத்தரித்தால் ஓடிக்கொண்டிருக்கும் வினவல்கள் சிதையும்.

தவறி அழித்த கோப்பை மீட்கவும் இதே வாசல்தான். ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை, /ப்ராக்/1432/எஃப்டி/5 என்ற பாதையிலிருந்து சிபி கட்டளையால் உள்ளடக்கத்தை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். ஆகவே முக்கியமான எதையாவது அழித்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் எந்தச் சேவையையும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லை, கணக்கு இன்னும் பொருந்தவில்லை என்றால், ஒரு மவுண்டுக்கு அடியில் கோப்புகள் புதைந்திருக்கலாம். /பேக்கப் என்ற இடத்தில் தனி டிஸ்க் மவுண்ட் ஆவது வழக்கம். ஒருநாள் அது மவுண்ட் ஆகாமல் போக, பேக்கப் நிரல் அதை அறியாமல் ரூட் டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளியிருக்கும். மறுநாள் டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோகும். அடியில் எட்டிப்பார்க்க:

மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி

இப்போது /எம்என்டி/பேக்கப் கோப்புறையில் டியு இயக்கிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் ‘யுமவுண்ட் /எம்என்டி’ என்று விடுவிக்க மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: இப்போது சுத்தம் செய்யலாம்

திறந்திருக்கும் லாக் கோப்பை ஆர்எம் செய்வதால் வரும் வினையைப் பார்த்துவிட்டோம். அதை வெறுமையாக்குவதே சரி: டிரங்கேட் -எஸ் 0 என்று எழுதிக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். பின்னால் தேவைப்படும் லாக் என்றால், இடமுள்ள வேறு பகுதிக்கு ‘ஜிஸிப் -சி’ வழியாகச் சுருக்கி அனுப்பிவிட்டு வெறுமையாக்கலாம். நிரம்பிய டிஸ்க்கிலேயே ஜிஸிப் செய்தால், சுருக்கப்பட்ட நகலை எழுதி முடிக்கும்வரை பழையதும் இருக்கும் என்பதால் இடம் போதாமல் பாதியில் நிற்கும்.

வெறுமையாக்கிய பிறகும் எல்எஸ் அதே 40 ஜிபி என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். சில நிரல்கள் கோப்பின் இறுதியில் சேர்க்கும் முறையில் திறக்காமல், தாம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். நடுவில் 40 ஜிபி ஓட்டை உருவாகும். ஓட்டைக்கு டிஸ்க்கில் இடம் செலவாவதில்லை. டியு உண்மையைச் சொல்லும்.

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னல் (அதன் லாக் தொகுப்பு) எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ‘ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்’ காட்டும். குறைக்க:

ஜர்னல்சிடிஎல் --ரொட்டேட் --வேக்யூம்-சைஸ்=500எம்

எம் பெரிய எழுத்து. வேக்யூம் காப்பகமாகிவிட்ட கோப்புகளை மட்டுமே நீக்கும். அதனால்தான் முன்னால் ரொட்டேட் சேர்த்திருக்கிறேன்.

தொகுப்பு மேலாளரின் கிடங்கை ‘ஏபிடி கிளீன்’ அல்லது ‘டிஎன்எஃப் கிளீன் ஆல்’ காலி செய்யும். பதிவிறக்கிய பொதிகள்தான் போகின்றன. நிறுவப்பட்ட எதையும் இது தொடாது. நிரம்பியது /பூட் பகுதி என்றால், பழைய கெர்னல்கள் குவிந்திருக்கின்றன. ‘யுநேம் -ஆர்’ தந்து இப்போது ஓடும் கெர்னலின் பெயரைப் பார்த்துக்கொண்டு, டெபியன் வழியில் வந்தவற்றில் ‘ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்’ இயக்குங்கள். நீக்கப்போகும் பட்டியலை அது காட்டும்போது படித்துவிட்டு ஆம் சொல்லுங்கள். /பூட் கோப்புறையில் கையால் ஆர்எம் செய்யவே கூடாது. தொகுப்பு மேலாளரின் கணக்கும் உண்மையும் பிரிந்துபோகும், அடுத்த ரீபூட்டில் சர்வர் எழாமலே போகலாம்.

டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் இயக்கும் கருவி) இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ என்பது இமேஜ், கன்டெய்னர், வால்யூம் என்று பிரித்துக் காட்டும். ‘டாக்கர் சிஸ்டம் ப்ரூன்’ நின்றுபோன கன்டெய்னர்களையும் பெயரற்ற இமேஜ்களையும் பயன்படாத நெட்வொர்க்குகளையும் கட்டுமானக் கிடங்கையும் நீக்கும். ‘--வால்யூம்ஸ்’ சேர்க்காதீர்கள், தற்செயலாக நிறுத்தப்பட்டிருக்கும் டேட்டாபேஸ் கன்டெய்னரின் தரவு அதோடு போய்விடக்கூடும். கன்டெய்னர்களின் லாக் இந்தக் கணக்கில் எளிதில் தப்பிவிடும். /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ் கோப்புறையில் ஜேசன் கோப்புகளாக அவை இருக்கும். இயல்பான அமைப்பில் அவற்றுக்கு எந்த வரம்பும் இல்லை.

டேட்டாபேஸின் கோப்புறைக்குள் மட்டும் ஒருபோதும் ஆர்எம் செய்யாதீர்கள். போஸ்ட்கிரஸில் ‘பிஜி_வால்’ கோப்புறை பெருத்திருப்பதைப் பார்த்து, ஏதோ லாக் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. எழுதப்பட்ட மாற்றங்கள் தரவுக் கோப்புகளைச் சேரும்வரை அதில்தான் பத்திரமாக இருக்கின்றன. அதை அழித்தால் டேட்டாபேஸ் மறுபடி எழாது. பெருக்கத்துக்கான காரணம் பெரும்பாலும் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் படிக்கும்வரை மாற்றங்களைப் பிடித்து வைக்கும் குறி) அல்லது தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் (வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும்) கட்டளையாக இருக்கும். அதைச் சரிசெய்தால் தானே சுருங்கும். மைஎஸ்க்யூஎல் பைனரி லாக்குகளை நீக்க அதற்கென ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ என்ற வினவல் இருக்கிறது. 8.0 பதிப்பில் அவை இயல்பாக 30 நாட்கள் வைத்திருக்கப்படும். எழுத்து மிகுந்த சர்வருக்கு 30 நாட்கள் மிக நீண்ட காலம்.

ஆறாம் படி: இடம் உண்மையாகவே போதவில்லை என்றால்

எல்லாம் தேவையான தரவுதான் என்றால் டிஸ்க்கை வளர்க்க வேண்டும். முதலில் பேக்கப், அது திறக்கிறதா என்ற சோதனை. பிறகு ‘எல்எஸ்பிஎல்கே’ இயக்கி அமைப்பைப் பாருங்கள். எல்விஎம் (டிஸ்க்குகளை ஒரு குழுவாகச் சேர்த்து வேண்டிய அளவில் பிரிக்கும் வசதி) இருந்தால் ‘விஜிஎஸ்’ காட்டும் பட்டியலில் வால்யூம் குழுவில் மீதி இடம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஒரே வரி:

எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +20ஜி /டெவ்/டேட்டா/வார்

எல், ஜி இரண்டும் பெரிய எழுத்து. ‘-ஆர்’ கோப்பு முறைமையையும் கூடவே வளர்த்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

எல்விஎம் இல்லாத மெய்நிகர் சர்வரில், டிஸ்க்கை வெளியிலிருந்து பெரிதாக்கிய பிறகு, ‘குரோபார்ட் /டெவ்/எஸ்டிஏ 2’ பார்ட்டிஷனை வளர்க்கும். எஸ்டிஏவுக்கும் 2க்கும் நடுவில் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். அதன் பின் இஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2’. எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’ கட்டளைக்கு மவுண்ட் ஆகியிருக்கும் பாதையைக் கொடுக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் முறைமையை வளர்ப்பது எளிது, பின்னர் சுருக்குவதற்கு வழக்கமான வழி இல்லை. அளவைத் தீர்மானிக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

தரவு மட்டுமே வைத்திருக்கும் பெரிய இஎக்ஸ்டி4 பகுதியில் அந்த 5 சதவீத ஒதுக்கீட்டைக் குறைப்பதும் ஒரு வழி. 1 டிபி பகுதியில் அது சுமார் 50 ஜிபி. ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று எழுதிச் சாதனத்தின் பெயரைக் கொடுத்தால் 1 சதவீதமாகும். ரூட் பகுதியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை உள்ளே வருவதற்கு அந்த ஒதுக்கீடுதான் வாசல்.

ஏழாம் படி: மறுபடி நிரம்பாமல் பார்த்துக்கொள்வது

பழைய லாக்குகளைச் சுழற்றி நீக்கும் கருவி லாக்ரொட்டேட். அதற்கான /இடிசி/லாக்ரொட்டேட்.டி கோப்புறையில் உங்கள் நிரலுக்கென ஒரு சிறு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விநியோகத்தின் தொகுப்பிலிருந்து நிறுவிய சேவைகளுக்கு அது பெரும்பாலும் கூடவே வந்துவிடும். நாமே எழுதிய நிரலுக்கு நாம்தான் எழுத வேண்டும், மறக்கப்படுவதும் அதுதான். தினமும், ஏழு பிரதிகள், சுருக்கி வைப்பது, கோப்பு இல்லாவிட்டால் விட்டுவிடுவது ஆகிய நான்கு வரிகள் போதும்: ‘டெய்லி’, ‘ரொட்டேட் 7’, ‘கம்ப்ரெஸ்’, ‘மிஸ்ஸிங்ஓகே’. மாற்றிய பின் சேவைக்குச் சொல்ல ‘போஸ்ட்ரொட்டேட்’ பகுதியில் ரீலோட் கட்டளையை வையுங்கள். ரீலோட் அறியாத நிரலுக்கு ‘காப்பிடிரங்கேட்’ இருக்கிறது. நகலெடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடையிலான கணத்தில் எழுதப்படும் சில வரிகள் தொலையக்கூடும். எழுதி முடித்ததும்:

லாக்ரொட்டேட் -டி /இடிசி/லாக்ரொட்டேட்.கான்ஃப்

இது எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். லாக்ரொட்டேட் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு மணி நேரத்தில் 20 ஜிபி எழுதும் நிரலை ‘சைஸ்’ வரம்பு காப்பாற்றாது. அதற்கு டைமரை மணிக்கு ஒருமுறை ஆக்க வேண்டும்.

ஜர்னலுக்கு /இடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ மதிப்பைக் கொடுங்கள் (மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து). கொடுக்காவிட்டால் அந்தப் பகுதியின் 10 சதவீதம் வரை, உச்சமாக 4 ஜிபி வரை அது எடுத்துக்கொள்ளும். டாக்கருக்கு /இடிசி/டாக்கர்/டேமன்.ஜேசன் கோப்பில் ‘மேக்ஸ்-சைஸ்’, ‘மேக்ஸ்-ஃபைல்’ இரண்டையும் அமைக்க வேண்டும். புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் இது பொருந்தும். ஓடிக்கொண்டிருப்பவற்றை மறுபடி உருவாக்காதவரை பழைய நிலைதான்.

ஒரு சிறிய உபாயத்தை எல்லாச் சர்வரிலும் வைத்திருக்கிறேன். ‘ஃபாலொகேட் -எல் 1ஜி /வார்/அவசரம்’ என்று 1 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்று. கட்டளையில் எல் சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. கோப்பின் பெயர் உங்கள் விருப்பம். டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோன நேரத்தில், யோசிக்காமல் அழிக்கத் தகுந்த கோப்பு அது ஒன்றுதான். அழித்தவுடன் சேவைகள் மூச்சுவிடும். முதல் படியிலிருந்து நிதானமாகத் தொடங்க நேரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் மறுபடி உருவாக்கி வைக்க வேண்டும்.

எச்சரிக்கை மணிக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ‘டிஎஃப் -எல் --அவுட்புட்=பிசென்ட்,டார்கெட்’ தரும் ஒவ்வொரு வரியிலும் எண்ணைப் பார்த்து, 80 தாண்டியிருந்தால் மின்னஞ்சல் அனுப்பும் பத்து வரி ஷெல் நிரலைக் கிரான் (குறித்த நேரங்களில் நிரல்களை இயக்கும் சேவை) 15 நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கட்டும். ‘டிஎஃப் -ஐ’ கணக்கையும் அதிலேயே சேருங்கள். மின்னஞ்சல் அந்தச் சர்வரின் டிஸ்க்கையே நம்பியிருந்தால் நிரம்பிய நாளில் அதுவும் போகாது. 80 என்று முன்கூட்டியே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதி வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். வேலை குறைந்த ஒரு நேரத்தில், 80 சதவீதத்தைத் தாண்டும் அளவுக்கு ஃபாலொகேட் வழியாக ஒரு பெரிய கோப்பை உருவாக்குங்கள். 15 நிமிடம் காத்திருங்கள். மின்னஞ்சல் வந்துசேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, டிஎஃப் -எச் எண் கீழே இறங்கியதையும் பார்த்துவிட்டு வெளியேறுங்கள்.